கடைசிப் பக்கம்

டப்ளின், செப்டம்பர் 9, 1958

கோர்மக்கின் நுரையீரலில் இனி மிச்சமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு. என் கணவரிடம் அதை நான்தான் சொன்னேன். "இந்த நாட்டுல எழுத்தாளனை மன்னிக்கணும்னா அவன் செத்தாகணும், டெர்வ்லா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார். மலாக்கி அதையும் குறித்துக்கொண்டான். பதிப்பகத்துக்காரன், கோர்மக்கின் கிண்டல்களைத் தொகுத்துப் புத்தகம் போடுகிறான். கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறானாம். எதற்கென்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 13

தேநீர் இரண்டு வாய். வேறொன்றும் இறங்கவில்லை.

செப்டம்பர் 16

பிற்பகல் மலாக்கியோடு நாடகக்காரர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். விஸ்கி, பழைய கதைகள். கண்மூடிக் கிடந்தவர் திடீரென்று என் கையைப் பிடித்தார். "ஃபாதரைக் கூப்பிடு."

அறையே சிரித்தது. சாகக் கிடக்கிறவன் பாதிரியாரை வரவழைத்து முட்டாளாக்கும் நாடகம்தானே இவருக்குப் பெயர் வாங்கித் தந்தது? ஃபாதர் லெனஹன் பிரசங்கத்தில் அதைத் திட்டிய மறுநாள் ஒரு டிக்கெட்கூட மிஞ்சவில்லை. "கடைசி வரைக்கும் ஆளு மாறலப்பா" என்றபடி மலாக்கி எழுதினான்.

நானும் சிரித்தேன்.

அவர் கையை விடவில்லை. ஐந்து மணிக்குப் போய்விட்டார்.

இருபது வருஷமா அவர் எழுதினதையெல்லாம் டைப் அடிச்சவ நான். எது வசனம், எது இல்லைன்னு எனக்குக்கூடவா தெரியாது? ஃபாதரோட கோயில் ரெண்டு தெரு தள்ளித்தானே—

செப்டம்பர் 18

சடங்கில்லாமல் புதைத்தோம். முன்பு அவரே எழுதிவைத்திருந்தபடி.

செப்டம்பர் 24

ஃபாதர் லெனஹனிடம் போனேன். கோர்மக் உண்மையாகவே உங்களைக் கேட்டார், அவருக்காக ஒரு பூசை வையுங்கள் என்றேன். ஃபாதர் கோபப்படவில்லை. களைத்த குரலில் சொன்னார்: "போதும்மா. உசிரோட இருந்தப்பவே அவர்கிட்ட நல்லா ஏமாந்துட்டேன். செத்தப்புறமுமா?"

அக்டோபர் 20

மலாக்கி அச்சுப்படி கொண்டுவந்தான். கடைசிப் பக்கத்தில் "ஃபாதரைக் கூப்பிடு" என்ற அந்த ஒரு வரி மட்டும். அது வேடிக்கையில்லை, பயந்துபோய்க் கேட்டது, எடுத்துவிடு என்றேன். "நீங்களும்தானே சிரிச்சீங்க, அண்ணி" என்றான்.



நவம்பர் 4

இறந்தவர்களின் பெயர்களை எழுதி உறையிலிட்டுப் பீடத்தில் வைக்கும் மாதம். மாதம் முழுக்க அவர்களுக்காகப் பூசை. உறைகளை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அப்பா பெயர், அம்மா பெயர், அதன் கீழே கோர்மக் டெலனி. ஒட்டி, மற்ற உறைகளுக்கு அடியில் செருகிவிட்டு வந்தேன்.