லூச்சியா வீட்டுக் கராஜில் ஒரு கொத்து சாமந்தி

ஏனுங்க,

இப்படிக் கூப்பிட்டால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிமிர்வீர்களே, இப்போதும் ஒரு தடவை நிமிருங்கள். நியூ ஜெர்சியில் ஒரு ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். உள்ளே நம் மதுவுக்கு மாமனாராகப் போகிறவருக்கு இருதய ஆபரேஷன் நடக்கிறது. எதிர் நாற்காலியில் அவர் மனைவி லூச்சியா. காலையிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நல்ல சேதியை முதலில் சொல்லியிருக்க வேண்டும். மதுவுக்குக் கல்யாணம். மார்க்கோ அவளே பார்த்த பையன். இங்கே பிறந்தவன்; அப்பா வீத்தோவும் அம்மாவும் இத்தாலியின் தெற்குக் கோடியிலிருந்து வந்தவர்கள். நீங்கள் இருந்திருந்தால் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, அப்புறம் அவனோடு உட்கார்ந்து கால்பந்து பார்த்திருப்பீர்கள். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. லைப்ரரியில் இத்தாலியைப் பற்றி ஒரு அறிமுக வகுப்பு என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்துவிட்டேன். சம்பந்தி வீட்டில் மூக்கறுபட எனக்குப் பிடிக்காது, உங்களுக்குத்தான் தெரியுமே.

நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மாதாவும் குழந்தையுமாக விதவிதமான ஓவியங்கள். அத்தனையிலும் அந்தத் தாயின் முகத்தில் ஏதோ ஒரு கவலை. சாயங்காலமானால் ஊரே நல்ல துணி உடுத்திக்கொண்டு தெருவில் சும்மா நடக்குமாம், பார்க்கவும் பார்க்கப்படவும். ஸ்பகெட்டியை உடைத்துப் போடக் கூடாது. பால் காபி காலையில் மட்டும்தான். மதியத்துக்கு மேல் குடித்தால் அதிசயமாகப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணினேன். பூவைப் பற்றி மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். வீத்தோவுக்கு ஆபரேஷன் ஆயிற்றே, வெறுங்கையோடா போவது? கோயிலில் அவர் பேருக்கு அர்ச்சனை பண்ணிவிட்டு, பெரிய கொத்தாக மஞ்சள் சாமந்தி வாங்கிக்கொண்டு போனேன். நானே மேஜை நடுவில் வைத்தேன்.

லூச்சியாவின் முகம் வெளுத்துவிட்டது. கை தன்னால் ஏப்ரன் பைக்குள் போய் இரும்புச் சாவியைப் பிடித்துக்கொண்டது. வீத்தோதான், "ஆபரேஷனுக்கு முன்னாடியேவா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியாமல் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. லூச்சியா பூவை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனாள். திரும்பி வந்து, கட்டைவிரலால் அழுத்திக் காது மாதிரி தானே செய்த பாஸ்தாவை எனக்கு நிறையப் பரிமாறினாள். அதற்கப்புறம் அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

காரில் ஏறியதும் மது பொரிந்து தள்ளினாள்.

"அம்மா, தோஸ் ஆர் ஃபார் கிரேவ்ஸ்! அவங்க ஊர்ல நவம்பர்ல கல்லறைக்குத்தான் அதைக் கொண்டு போவாங்க. யூ டுக் ஃப்யூனரல் ஃப்ளவர்ஸ் டு எ ஹார்ட் பேஷண்ட்!"

"நம்மூர்ல கல்யாணத்துக்கும் அதுதான், சாமிக்கும் அதுதான். பூவுக்கு என்னடி தெரியும்?"

"மார்க்கோ அம்மாவுக்குத் தெரியுமே. அதான் சாவியைப் பிடிச்சுக்கிட்டாங்க. கெட்டது அண்டாம இருக்க அவங்க இரும்பைத் தொடுவாங்க."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன மனுஷர்கள் இவர்கள், ஒரு பூவுக்குப் போய்ப் பயந்துகொண்டு! வீட்டுக்கு வந்து, மாலை போட்ட உங்கள் படத்தைப் பார்த்தேன். கோபம் போன இடம் தெரியவில்லை. உங்கள் ஆபரேஷன் அன்றைக்குக் காலையிலும் பிள்ளையாருக்கு நான் வைத்தது சாமந்திதான். நீங்கள் திரும்பி வரவில்லை. இத்தனை நாளும் அந்த இரண்டையும் நான் முடிச்சுப் போட்டதே இல்லை. இப்போது என்னால் அவிழ்க்க முடியவில்லை. என் கையில் ஏதாவது தோஷம் இருக்கிறதா, சொல்லுங்கள்?

இன்றைக்கு வர வேண்டாம் என்று மது சொன்னாள். "யூ டோன்ட் ஹேவ் டு கம், அம்மா, ப்ளீஸ்." வீத்தோவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பூ அவள் கல்யாணத்தின் குறுக்கே ஆயுசுக்கும் நிற்கும். அது அவளுக்கும் தெரிகிறது. ஆனால் நீங்கள் உள்ளே இருந்தபோது நான் தனியாக உட்கார்ந்திருந்தேனே. இன்னொருத்தியை அப்படி உட்கார விட எனக்கு மனசு வரவில்லை. ஃப்ளாஸ்கில் காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்து, மூடியைத் திருகப் போகும்போதுதான் வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. அவர்கள் பக்கத்துக் கிராமங்களில் துக்க வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்களாம். அக்கம்பக்கத்தார்தான் காபியும் சாப்பாடும் கொண்டுபோவார்களாம், நம் ஊரைப் போலவே. கை அப்படியே நின்றுவிட்டது. இதையும் கொடுத்துத் தொலைக்கவா? பிள்ளைகள் இருவரும் சாப்பிடக் கீழே போயிருக்கிறார்கள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு திருடி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

இருங்கள், லூச்சியா எழுந்து வருகிறாள்.

இப்போதுதான் மறுபடி எழுதக் கை வந்தது. அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் இங்கிலீஷில் கேட்டதைத் தமிழில் சொல்கிறேன்.

"அது காபிதானே? வாசனை வருது."

ஊற்றிக் கொடுத்தேன். பால் காபி, மணியோ மதியத்தைத் தாண்டிவிட்டது. மறுபேச்சில்லாமல் குடித்தாள்.

"உங்க வீட்டுக்காரருக்கும் இதே ஆபரேஷன்னு மது சொன்னா."

"ஆமா."

"அன்னிக்கும் பூ வெச்சீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "அதே பூதான்," என்றேன்.

அவள் கை மறுபடி, இந்தத் தடவை கோட்டுப் பைக்குள் போனது. சாவி சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்தது, மதுவின் கல்யாணமும் முடிந்தது என்று நினைத்தேன். அவள் மற்றக் கையால் காலிக் கப்பை என்னிடம் திருப்பி நீட்டினாள்.

"அப்போ உங்க வீட்டுக்காரர் பிழைக்கணும்னு எதை வெச்சீங்களோ, அதைத்தான் வீத்தோவுக்கும் கொண்டு வந்திருக்கீங்க," என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, அத்தனை பேர் முன்னாலும். அந்த நேரம் பார்த்து டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். லூச்சியா என் கையை எலும்பு நொறுங்கப் பிடித்தாள். நான் டாக்டரின் வாயைப் பார்க்கவில்லை, அவர் தோளைப் பார்த்தேன். உங்கள் டாக்டர் வந்தபோது அவருடைய தோள் தொங்கியிருந்தது. இவருக்குத் தொங்கவில்லை.

வீத்தோ பிழைத்துக்கொண்டார், ஏனுங்க. கொஞ்ச நாளில் வீட்டுக்கு வந்துவிடலாமாம்.

லூச்சியா சாவியை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், அப்புறம் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பூ கராஜ்லதான் இருக்கு. இறந்தவங்க பூவைத் தூக்கிப் போடக் கூடாதுன்னு தண்ணியில வெச்சேன், தினமும் தண்ணி மாத்துறேன். யாருக்குன்னுதான் தெரியல. உங்க வீட்டுக்காரருக்குக் கல்லறை எங்கே?"

கல்லறை இல்லை, பவானி ஆற்றில் கரைத்துவிட்டோம், வீட்டில் படம் மட்டும்தான் இருக்கிறது என்றேன்.

"படம் போதும்," என்றாள்.

சாயங்காலம் அவளே எடுத்துக்கொண்டு வருகிறாளாம். ஊரில் தன் அம்மா அப்பா கல்லறைக்குப் பூ வைத்துப் பல வருஷமாகிவிட்டது, இங்கே வைக்க அவளுக்கு யாரும் இல்லை என்றாள். பூ கொஞ்சம் வாடியிருக்கும். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் பேசும் பாஷை புரியாவிட்டாலும் தலையாட்டுங்கள்.

நான் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மதுவின் கல்யாணப் பந்தலில் மல்லிகை இருக்கும், ரோஜா இருக்கும், ஒரு சாமந்திகூட இருக்காது. ஊர்க்காரர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும். இனிமேல் சாமந்தி உங்களுக்கு மட்டும்தான். நான் ஒரு கொத்து, லூச்சியா ஒரு கொத்து.

மதுவின் அம்மா, லூச்சியாவின் சம்பந்தி,
என்றும் உங்கள் வீட்டுக்காரி
கோமதி