சத்தம் வரும் திசை

தென்காசி,
ஆடி மாதம், 1963

சிரஞ்சீவி குத்தாலிங்கத்துக்கு அப்பா எழுதிக்கொண்டது. உறக்கத்தைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம், உன் சுகத்துக்கு எழுது. குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறது, மண்டைக்குள் இருப்பதை அருவியில் கழுவிவிடலாம் என்று போனேன், ஜலதோஷம்தான் பிடித்தது.

போன லீவில் பண்பொழி மலையிலிருந்து இறங்கும்போது நீ சொன்னாயே, பேட்டரி லைட் அடிக்கிறவனுக்குக் கொஞ்ச தூரம்தான் தெரியும், இருட்டில் நிற்கிறவனுக்கோ அந்த வெளிச்சம் வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும், அடுத்த கப்பலின் ரேடார் நம்மைத் தேடி வருவதை உன் கடற்படைக் கப்பலில் இருக்கிற கருவி அப்படித்தான் முந்திக் கேட்டுவிடும் என்று. எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்த எனக்கே விளங்கிவிட்டது, நல்ல வாத்தியார் நீ. இப்போது எழுதியிருக்கிறாய், ஏரியலைப் பார்க்கக் கப்பலின் கம்பத்தில் ஏறிய உன் கூட்டாளி ஏசுதாசன் கடலில் விழுந்து, உடலும் கிடைக்காமல் போனதிலிருந்து, சுற்றிலும் கப்பலே இல்லாதபோதும் உன் காதில் அந்த ரேடார் சத்தம் வருகிறது, பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை என்று. அதைப் படித்ததிலிருந்து கடையில் யாரோ என் முதுகையே பார்ப்பதுபோல் இருக்கிறது, திரும்பினால் புண்ணாக்கு மூட்டைதான். உன் அம்மா இந்தக் கவரில் திருமலைக்கோவில் திருநீறு வைத்திருக்கிறாள், பூசிக்கொள். ஆனால் அது அவனா, காதின் கோளாறா என்று நீயே தீர்ப்புச் சொல்லாதே. பொய்ச் சத்தம் என்று நீ விட்டுவிடுவது ஒருநாள் நிஜக் கப்பலாக இருந்தால் உன்னோடு இருக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் ஆபத்து. ஆபீசரிடம் சொல்லிவிடு. பைத்தியம் என்று இறக்கிவிட்டால் வந்துவிடு, இங்கே மூட்டை தூக்க ஆள் வேண்டும்.

நேற்று ஏசுதாசனின் அப்பா உவரியிலிருந்து பஸ் மாறி மாறி வந்தார். மகனின் பெட்டியில் நம் விலாசம் இருந்ததாம். என் வாயைத்தான் உனக்குத் தெரியுமே, ஆறுதல் சொல்லப் போய் நீ எழுதியதை உளறிவிட்டேன். அழுவார் என்று பயந்தேன், அழவில்லை. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும் உங்கள் கருவி காட்டும் என்று மகன் சொல்லியிருக்கிறானாம். "எந்தத் தெசையில இருந்து வருதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, அண்ணாச்சி. கல்லறையும் இல்ல, எந்தப் பக்கம் பாத்து நின்னு செபிக்கன்னு தெரியல" என்றார். உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். தெருவில் இறங்கிய மனுஷன் நாலு பக்கமும் மாறி மாறித் திரும்பி நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஈரத்தலையோடு படுக்காதே. திருமலை முருகன் உன் கூடவே நிற்பான். கருவியின் பேரெல்லாம் எழுத வேண்டாம், ஆபீசரிடம் சொன்னாயா என்பதையும், அந்தத் திசையையும் மட்டும் எழுது. அவர் காத்திருக்கிறார்.

உன் அப்பா,
பிச்சுமணி