வீட்டுக்குப் போக வைத்த கைநாட்டு

இன்று காலை மயிலாப்பூர் தபால் நிலையத்தில் எனக்கு முன்னால் நின்றவர் ஸ்டாம்ப் பேடில் கட்டைவிரலை அழுத்தி ஒரு படிவத்தில் பதித்தார். பிறகு எல்லோரும் செய்வதுபோல் விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார். அந்த ஊதா மையின் வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், வரிசையை விட்டு வந்துவிட்டேன். உன்னோடு சண்டை போட்ட நாள் கண் முன்னால் நின்றது.

அந்தக் கோடம்பாக்கத்துக்காரரை நீ மறந்திருக்கமாட்டாய். சினிமாவுக்கு விக் செய்கிறவர். செத்துப்போன அப்பாவின் குரலில் விக்குகள் பேசுகின்றன என்று, வேலை செய்த கொட்டகைக்கே தீ வைத்தவர். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மனநிலையைப் பரிசோதிக்கச் சொல்லி கோர்ட் நம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. டாக்டராக நான் அறிக்கை கொடுத்தேன். சமூகப் பணியாளராக நீ அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தாய். செய்வது இன்னதென்று தெரியாமல் செய்தார் என்று தீர்ப்பாகி, சில வருடங்கள் நம் வார்டில் இருந்து தேறி, அவர் வீடு திரும்பும் நேரத்தில்தான் எனக்கு அந்த ஆசை வந்தது. மருத்துவ இதழுக்கு அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். பேரை மாற்றினேன், வயதை மாற்றினேன், சம்மதப் படிவத்தில் கைநாட்டும் வாங்கினேன். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்தேன்.

பெசன்ட் நகர் கடற்கரையில் உட்கார்ந்து நீ அதைக் கடைசி வரி வரை படித்தாய்.

"ஏண்டி, பேரை எடுத்துட்டா ஆளு போயிடுவாரா? விக்குக்குப் பயந்து தீ வெச்சவரு கோடம்பாக்கத்துல எத்தனை பேரு?"

விக்கை எடுத்தால் கட்டுரையே இல்லை என்றேன். அப்போ கட்டுரை வேண்டாம் என்றாய். எனக்கு வந்ததே கோபம்! பாதிரியார் மாதிரி பாவசங்கீர்த்தனம் கேட்கிற வேலையை உங்கள் மாதாகோயிலோடு வைத்துக்கொள் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். நீ பதிலுக்குக் கத்தவில்லை. அவருக்கு ஒரு தடவை தமிழில் படித்துக் காட்டு, அது போதும் என்றாய்.

ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. உன் மூக்கை உடைக்கவேண்டும் என்றுதான் வார்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். அவர் கைகட்டிக் கேட்டார். முடித்ததும் அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது.

"வூட்டுக்குப் போறதுக்குன்னுதான டாக்டரம்மா நான் கைநாட்டு வெச்சேன்? இத்த எம் பொண்ணு பட்ச்சா இன்னா பண்றது?"

கைநாட்டு வைத்த அன்று விரலைத் தலையில் துடைத்துக்கொண்டே சிரித்தார். அதைத்தான் நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகிற சந்தோஷம் அது. எனக்கு அவமானமாக இருந்தது. கழிப்பறைக்குள் போய் அழுதேன், அதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

கட்டுரை அலமாரிக்குப் போயிற்று. நான் அப்பவே சொன்னேனே என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் டிபன் டப்பாவில் ஆப்பம் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாய்.

அதிலிருந்து ஸ்டாம்ப் பேடைத் திறக்குமுன் யாராக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: "இது வீட்டுக்குப் போற காகிதம் இல்லீங்க. நீங்க வேணாம்னாலும் வீட்டுக்குப் போறது நிக்காது." கூட வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்கிறார்கள். சிரிக்கட்டும்.

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. நம் ஆஸ்பத்திரி ஊழியர் சங்கத்து மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். அதை எழுதி அனுப்பத்தான் காலையில் தபால்தலை வாங்கப் போனேன். இப்போது எழுதிவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். உன் பேர் இல்லை, அவர் பேரும் இல்லை. ஆனால் விக் இருக்கிறது, தீ இருக்கிறது, கோடம்பாக்கம் இருக்கிறது. அவர் பெண் இப்போது கல்லூரிக்குப் போகிறாளாம். உன்னைக் கேட்கவோ வழியே இல்லை.

நீ ஆப்பம் நன்றாகச் சுடுவாய் என்று மலருக்கு நாலு வரி அனுப்பிவிடுகிறேன். இது அந்தக் கட்டுரையோடு அலமாரியில் இருக்கட்டும்.