கடலில் ஒரு டீச்சர்

சீரோஸ் தீவு, ஜூலை

அன்பு மகளே,

உன் கடிதத்தில் இரண்டு எழுத்துப் பிழைகள். அவசரம் என்று மன்னித்துவிட்டேன். லாரிசாவில் வெயில் தாங்கவில்லையாமே. கடலே இல்லாத ஊராகத் தேடிப் போனால் அப்படித்தான்.

காலையில் ஊர்ப் பெண்கள் தொப்பியோடு கடலில் நின்று வம்பளப்பார்களே, அந்தக் கூட்டத்தில் நானும் சேர்ந்துவிட்டேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்களைக் காலுறையோடுதான் கடற்கரைக்கு அழைத்துப் போவார்கள். நீச்சலை யார் கற்றுத்தந்தார்கள்? உன் அப்பாவின் படகு திரும்பாத நாள்முதல் நான் அந்தப் பக்கம் போனதும் இல்லை.

முதல் நாள் முழங்கால் தண்ணீரைத் தாண்டவில்லை. என்னிடம் படித்த ரொட்டிக்கடை பிராஞ்செஸ்கா விடுவாளா?

"என்ன டீச்சர், துணிச்சலான காரியத்தச் செஞ்சு செஞ்சுதான் துணிச்சல் வரும்னு நம்ம பழைய ஞானிங்க சொன்னதா போர்டுல எழுதிப் போட்டீங்க. அவங்களக் கரையிலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"சும்மா இருடி. அந்தப் பாடத்துல நீ ஃபெயில்."

"ஃபெயில்தான். ஆனா நான் மிதக்குறேனே டீச்சர்."

நேற்று நானும் மிதந்தேன். அவள் கை என் முதுகுக்குக் கீழே இருந்தது. பிறகு பார்த்தால் இல்லை. எடுத்ததைச் சொல்லவே இல்லை, கழுதை.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் வேலை இருக்கிறது என்கிறாய். நானும் நம்பியதுபோல் பதில் எழுதுகிறேன். இந்த முறை வா. தண்ணீரில் உன் கையைப் பிடித்துக்கொள்கிறேன். விடும்போது சொல்லிவிட்டுத்தான் விடுவேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா