அப்பாவின் இருமலை நம்பாதே

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் நலம், உன் அப்பாவும் நலம். அப்பாவும் நலம் என்பதை இன்னொரு முறை படித்துக்கொள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் முன்னறையில் எந்நேரமும் கட்சிக்காரர்கள், அதில் யாராவது ஒருவருடைய காது என் பக்கம்தான் இருக்கும்.

போன வாரம் உன்னோடு பேசும்போது இருமி இருமி, உடம்பு முன்ன மாதிரி இல்லப்பா, ஒரு நடை வந்துட்டுப் போ என்று சொன்னாரே, அவ்வளவும் நடிப்பு. நான் பக்கத்திலேயே நின்றேன். போனை வைத்ததும் இருமலும் நின்றுவிட்டது, சாப்பிட உட்கார்ந்து மறுபடியும் தட்டை நீட்டினார். டாக்டரிடம் போகலாம் என்றால், அதெல்லாம் பையன் வந்தப்புறம் பாத்துக்கலாம் என்கிறார். பையன் என்ன டாக்டரா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.

ஊருக்கு அவர் தலைவர், எனக்கு அவர் பஸ் நிலைய வாசலில் சாவிக்கடை போட்டிருந்த அதே ஆள்தான். அவர் வெளியே ஏதாவது பெரிதாகச் செய்யப்போகிறார் என்றால் வீட்டில் திடீரென்று நல்லவராகிவிடுவார், இது நான் கண்ட உண்மை. பெரிய கட்சிக்காரர் ஒருவர் பஸ் நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்து, கடைத்தெருவே ஈ ஓட்டிக்கொண்டிருந்த வருஷம் நீ கைக்குழந்தை. அதுவரை அந்தக் கட்சிக்கு மாடாய் உழைத்தவர் உன் அப்பா, நியாயம் கேட்கப் போனபோது கட்சி ஆபீசில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. மறுநாள் விடிந்ததும் பாத்திரம் எல்லாம் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தார். மனுஷருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்தேன், சாயங்காலம் பார்த்தால் நம் முன்னறையில் நம்ம ஊர்க் கட்சி பிறந்துவிட்டது. அவர் நடுரோட்டில் உட்கார்ந்தார், ஊரே கூட உட்கார்ந்தது, பஸ் திரும்பி வந்தது. அதை நான் மறுக்க மாட்டேன், அன்றைக்கு எனக்கும் பெருமைதான். அப்புறம் நகராட்சித் தலைவர், அதற்கப்புறம் சட்டமன்றம். ஒருநாள் வருஷக்கணக்காக ஒழுகிய சமையலறைக் குழாயைச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சரிசெய்தார், அன்று மத்தியானமே பஸ் நிலையத்தை மாற்றிய அதே ஆளைக் கட்டிப்பிடித்துக் கூட்டணி என்றார். பாதிக் கட்சி அன்றோடு போயிற்று. முகத்துக்கு நேரே காறித் துப்பாத குறையாகப் போனார்கள். அதிலிருந்து இவர் வீட்டில் ஒரு துரும்பை எடுத்து வைத்தாலும் நான் வாசலைத்தான் எட்டிப் பார்ப்பேன்.

இந்த மாதம் என் சமையலைப் பாராட்டினார். ஜன்னல் கண்ணாடி துடைத்தார். உன் அறைக்கு வெள்ளையடித்துப் புது ஃபேன் மாட்டியிருக்கிறார். எதற்கு என்றால், காத்தோட்டமா இருக்கட்டுமே என்கிறார், யாருக்குக் காற்று? ஆல்பத்தில் நீ டை கட்டி நிற்கிற படம் காணோம். கடைத்தெருவில் நம் தையல்காரர் என்னை நிறுத்தி, தம்பிக்கு இப்பத் தோள் அகலம் எவ்ளோம்மா இருக்கும், கொஞ்சம் சதை போட்டிருப்பாரா என்று கேட்கிறார். வெள்ளைச் சட்டையாம், அரை டஜனாம். தேர்தல் வருகிறது, உனக்கு இதற்கு மேலும் விளக்க வேண்டுமா? நீ விமானத்தில் இருந்து இறங்கினால் மாலையும் மைக்கும் தயாராக இருக்கும், உன் வேலை, குட்டியின் பள்ளிக்கூடம் எல்லாம் அதோடு சரி. அப்பாவிடம் நேராகவே கேட்டேன். நான் கட்டின கட்சிய எவன் கையிலயோ குடுக்கச் சொல்றியா என்று கத்தினார். அந்த எவனோ யார் தெரியுமா, முதல் நாளிலிருந்து கூடவே இருக்கிற செயலாளர் கண்ணாடிக்காரர்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. இதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். முன்பெல்லாம் வாசலோடு போகிறவர், இப்போது அண்ணி அண்ணி என்று சமையலறை வரை வருகிறார். தம்பி எதுக்கு அண்ணி, அவரு அங்க நல்லாத்தானே இருக்காரு, பேசாம தேர்தல்ல நீங்க நில்லுங்க என்றார். என்னைப் பதவியில் உட்கார வைத்துவிட்டுப் பின்னாலிருந்து தான் ஆட்டி வைக்கலாம் என்று கணக்கு, எனக்கா தெரியாது? போய் வேலையைப் பாருங்கள் என்று விரட்டிவிட்டேன்.

ஆனால் ஒன்றை உன்னிடம் மறைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நகராட்சி மண்டபத்தில் பெண்கள் கூட்டம். பேச வர வேண்டியவர் வரவில்லை, மைக்கை என் கையில் திணித்துவிட்டார்கள். குழாயில் வருகிற கலங்கல் தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கலாம் என்றுதான் ஏறினேன். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, கொட்டித் தீர்த்துவிட்டேன். சிரிக்கிற இடத்தில் சிரித்தார்கள், கோபப்படுகிற இடத்தில் எழுந்தே நின்றுவிட்டார்கள். போதும் அண்ணி என்று கண்ணாடிக்காரர் கையை நீட்டினார், நான் மைக்கைக் கொடுக்கவில்லை. உன் அப்பா கதவோரம் நின்று கை தட்டினார், ஆனால் என்னை எடைபோடுகிற மாதிரி பார்த்தார். எதிர்க்கட்சிக்காரர்களை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டிருக்கிறேன், என்னை அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். இல்லையப்பா, பிடித்திருந்தது. ரொம்பவும் பிடித்திருந்தது.

அதனால்தான் இப்போது எழுதக் கை தயங்குகிறது. வராதே, வராதே என்று உனக்குச் சொல்கிறேன், தாய்க்காரி பிள்ளையின் நல்லதற்குச் சொல்கிறாள் என்று நீ நினைப்பாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை. நீ வந்துவிட்டால் அந்த மைக் எனக்கு இல்லை, அதுவும் எனக்குத் தெரிகிறதே.

குட்டிக்கு என் முத்தம், மருமகளை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல். மூவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள், அவர் இருமினாலும் வராதே, நாளைக்கு நானே போனில் கூப்பிட்டு, வரவே வேண்டாம் என்று அழுதாலும் அதை அப்படியே நம்பிவிடாதே, நீயாக யோசித்து முடிவு செய்.

உன் நல்லதைத்தான் நினைக்கிறேன் என்று இன்னமும் நம்புகிற,
அம்மா