தேதி மாற்றிய பதிவு

நவம்பர் 18, செவ்வாய்

மழை விட்டது. வாடகைக்கு விடும் மாடி அறைகள் இரண்டும் காலி. துவைத்த போர்வைகளில் ஈர நாற்றம். கீழே எங்கள் மீன் வறுவல் கடையில் மதியம் வரை நான்கே பேர்.

சாதிக் கல்லாவில் உட்கார்ந்தபடி போனைக் காட்டினார். "இன்னா ரெஹானா, நம்ம பிளாக்கு மூணு வாரமா காஞ்சுகினு கீது. கோவளம்னு தேடினா ஊர்ல கீற கடையெல்லாம் வருது, நம்மது மட்டும் காணோம்." பெண்டாட்டியைக் குறை சொல்ல மட்டும் மனுஷனுக்கு நேரம் இருக்கிறது.

செவ்வாய் வேலை எப்போதும் ஒன்றுதான். ஊரைப் பற்றி மற்றவர்கள் எழுதியதில் மூன்றைப் பொறுக்கி எடுப்பது, லிங்க் கொடுப்பது, ஒவ்வொன்றுக்கும் மேலே என் வார்த்தையில் இரண்டு வரி. கன்டென்ட் க்யூரேஷன் என்று ஆன்லைன் வகுப்பில் பெயர் சொன்னார்கள். மார்க்கெட்டில் மீன் பொறுக்குகிற வேலைதான், செவுளைத் தூக்கிப் பார்த்து எடுக்க வேண்டும்.

இன்று பார்க்கவில்லை. மசாலா அரைக்க வேண்டும், ஆயிஷாவுக்கு இருமல். ஜூனில் போட்ட ஒன்றை எடுத்துத் தேதியை மாற்றிவிட்டேன். கழிவெளி கடலில் சேரும் முகத்துவாரத்தைப் பற்றி ஒரு சென்னை அம்மா எழுதியது. கணுக்கால் தண்ணீர், குழந்தைகள் விளையாட நல்ல இடம் என்று. தலைப்பில் 'இந்த வாரம்' சேர்த்தேன். சொந்தக் குரலும் இருக்க வேண்டுமாமே, அதற்கு 'நானும் என் மகளும் போய்க் கால் நனைத்து வந்தோம்' என்று ஒரு வரி. போகவில்லை. ஆயிஷாவை அந்தப் பக்கம் கூட்டிப் போனதே இல்லை.

பத்து நிமிடத்தில் முடிந்தது. கீழே வழக்கம்போல 'ரெஹானா' என்று பெயர்.

வாங்க: மிளகாய்த்தூள், எலுமிச்சை, பினாயில், இருமல் மருந்து.

நவம்பர் 19, புதன்

மேகமூட்டம். பதிவுக்குக் கீழே ஒரு கமென்ட். இரண்டு மாதத்தில் முதல் கமென்ட்.

'சனிக்கிழமை காலை செங்கல்பட்டிலிருந்து குழந்தைகளோடு வருகிறோம். நேராக முகத்துவாரம், அப்புறம் உங்கள் கடையில் சாப்பாடு. நன்றி அக்கா. யாழினி அம்மா.'

சாதிக்கிடம் காட்டினேன். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றார். என்ன சொன்னாராம்? இருந்தாலும் சந்தோஷம். சனிக்கிழமைக்கு வஞ்சிரம் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 20, வியாழன்

காலை 7. ஆரோக்கியம் அண்ணன் மீன் கொண்டுவந்தார். சங்கரா, கொஞ்சம் இறால். சனிக்கிழமை ஆள் வருவதைச் சொன்னேன், முகத்துவாரத்துக்குப் போய்விட்டு வருவார்கள் என்றேன். கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க போறாங்க? மொகத்துவாரம் வெட்டி வுட்டுட்டாங்க தங்கச்சி. ஜேசிபி வந்து மணலத் தோண்டி பத்து நாளாவுது. மழைத்தண்ணி மொத்தமும் அந்த வழியாத்தான் கடலுக்குப் போவுது. மேல பாத்தா அமைதியா கீது. கால வெச்சா கரையே சரிஞ்சிரும். எங்க ஆளுங்களே எறங்க மாட்டாங்க."

ஊரில்தான் இருக்கிறேன், பத்து நாளாக இது எனக்குத் தெரியாது. கடை, அடுப்பு, வீடு.

ஓடிப்போய்ப் பதிவை அழித்தேன். அழித்த பிறகுதான் புத்தி வந்தது, கமென்ட்டும் அதோடு போய்விட்டது. குப்பையிலிருந்து மீட்டு, கமென்ட்டுக்குக் கீழே 'தயவுசெய்து போகாதீர்கள்' என்று பதில் எழுதினேன். மெயில் முகவரி இல்லை, போன் நம்பர் இல்லை. யாழினி அம்மா என்று எத்தனை பேர் இருப்பார்கள் செங்கல்பட்டில்?

மாலை 4. பதில் இல்லை. 5. இல்லை. 6.10. இல்லை.

6.30. செங்கல்பட்டிலிருந்து நாத்தனார் வாய்ஸ் மெசேஜ். "ரெஹானா, உன் பதிவு எங்க அபார்ட்மென்ட் குரூப்புல சுத்திகினு கீது. யாரோ போட்டோ புட்ச்சிப் போட்டுகீறாங்க. எல்லாரும் நல்ல இடமா கீதேன்றாங்க." குரலில் பெருமை.

அந்தப் படத்தை நான் எப்படி அழிப்பேன்.

நவம்பர் 21, வெள்ளி

வெயில். நல்ல வெயில், அதுதான் பயம். விடுமுறைக்குக் கிளம்பத் தூண்டுகிற வெயில்.

பழைய பதிவின் தலையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. தனியாக ஒரு புதுப் பதிவு. நாத்தனாரைக் கெஞ்சி அவர்கள் குரூப்பில் போடச் சொன்னேன். போட்டார். யாரோ கும்பிடுகிற கை பொம்மை அனுப்பினார்களாம், அவ்வளவுதான். அங்கே யாழினி என்று யாரும் இல்லை என்றார். படம் வேறு எந்தெந்த குரூப்புக்குப் போனதோ.

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த சாதிக்கோடு சண்டை.

"நாமளா தள்ளி வுட்டோம்? தண்ணியப் பாத்தா தெரியாதா அவங்களுக்கு?"

"தெரியாதுங்க. நான் போய்ப் பார்த்தேன்னு எழுதியிருக்கேன்."

"போனியா நீ?"

"இல்ல."

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

பயமாக இருக்கிறது. யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு பயம். ஆகிவிட்டால் என் பெயர் வெளியே வருமே என்று இன்னொன்று. இரண்டாவதுதான் அடிக்கடி வருகிறது. இதை இங்கே தவிர வேறெங்கும் எழுத முடியாது.

நவம்பர் 22, சனி

விடியற்காலை சுபுஹு தொழுததும் முகத்துவாரம். சாதிக் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்தார். ஆரோக்கியம் அண்ணன் சின்ன பைபர் படகைக் கரையில் கட்டிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

8 மணிக்கு ஒரு குடும்பம். 8.40க்கு இன்னொன்று. தடுத்துத் திருப்பி அனுப்பினோம். ஒரு ஆள் முறைத்தார், போய்விட்டார். கொஞ்சம் மூச்சு வந்தது.

ஊர் வழியாகத்தான் எல்லோரும் வருவார்கள் என்று நினைத்தேன். 9.30க்கு எதிர்க்கரையில் நான்கு பேர். பாலத்துப் பக்கம் காரை விட்டுவிட்டு மணலில் நடந்து வந்திருக்கிறார்கள். ஆண், பெண், இரண்டு சின்னப் பெண்கள். கத்தினேன். அலைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. துப்பட்டாவை எடுத்து ஆட்டினேன். அவர்களும் சிரித்துக்கொண்டு கையாட்டினார்கள்.

பெரியவள் தண்ணீர் ஓரம் வந்தாள். நின்ற மணல் அப்படியே உட்கார்ந்தது. அவளைக் காணவில்லை.

அண்ணன் அதற்கு முன்பே படகைத் தள்ளியிருந்தார். சாதிக் தொற்றி ஏறினார். நான் மணலில் விழுந்து கிடந்தேன், அல்லாஹ்விடம் கேட்க ஒரு துஆ கூட வாயில் வரவில்லை. கடலுக்குப் பக்கத்தில் வைத்துத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் படகில் போட்டார்கள். குப்புறப் படுக்கவைத்தார்கள். தண்ணீர் கக்கினாள். அழுதாள். அழுகிற சத்தம் கேட்டது.

எங்கள் கரைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அண்ணன் திரும்பப் போய் மற்றவர்களையும் ஏற்றி வந்தார். பிள்ளையின் அம்மா "யாழினி, யாழினி" என்று கத்திக்கொண்டே இறங்கி ஓடிவந்தாள்.

பிள்ளைக்கு என் துப்பட்டாவைப் போர்த்தினேன். அவள் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை நீங்க இங்க நின்னுகினு இருந்தீங்க அக்கா. பிளாக்ல படிச்சிட்டு வந்தோம். ரெஹானான்னு ஒருத்தி, தன் பொண்ணயே கூட்டிகினு போனேன்னு எழுதிகீறா, நம்பிட்டேன். புதன்கிழம படிச்சதோட சரி, திரும்பப் பாக்கல. அவ மட்டும் கையில கெடச்சா..." அழுதாள். சாதிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கையை விடவே இல்லை. "உசுரக் காப்பாத்திக் குடுத்தீங்க. உங்க பேரு இன்னா அக்கா?"

பாத்திமா என்றேன்.