இடக்கண்ணில் இறங்கிய திரை

சின்னக் காஞ்சிபுரம்
9-10-1974

மதிப்பிற்குரிய அண்ணி தில்லையம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பதினேழு வருஷம் நீங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டபடி மூடியிருந்தேன். கடைசிப் பதினொரு நாள் நானாகவே மூடியிருந்தேன். அந்தப் பதினொரு நாளுக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் பிள்ளையார்பாளையம் இங்கிருந்து மூன்று மைல். அந்த மூன்று மைலுக்கு உறை வாங்கித் தபாலில் எழுத வேண்டிய நிலைமை யாரால் வந்தது என்பதை விட்டுவிடுகிறேன். இன்றைக்கு விஷயம் அண்ணனுடைய கண்.

உங்கள் பக்கத்து வீட்டில் நெய்கிற சின்னப்பையனை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவனாகவே வந்து சொன்னான்: "வாத்தியாரே, உங்க அண்ணன் நெய்துக்கினே இருந்தாரு. திடீர்னு எடது கண்ணு மேல யாரோ திரைய இழுத்து வுட்ட மாதிரி இருக்குதுன்னாரு. அந்தக் கண்ண மூடினா எல்லாம் தெரியுது, இந்தக் கண்ண மூடினா ஒரே இருட்டாம். பத்து நிமிசம் அப்பிடியே குந்திக்கினு இருந்தாரு. அப்புறம் தானா சரியாப் பூடுச்சி. இத்தோட மூணு தபா." பிறகு சிரித்துக்கொண்டே, "எல்லாம் உங்க வாய் பண்ண வேலைன்னு சொல்லிக்கினு இருக்காரு. கார்த்திக கடைஞாயித்துக்கு மாவிளக்கு தூக்கறேன்னு வேண்டிக்கினாரு" என்றான்.

கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உங்களிடம் இதை மறைக்கப் போவதில்லை. அண்ணனுக்கு என்னைக் கண்டு பயம் வந்திருக்கிறது என்ற சந்தோஷம். அது வீடு வந்து சேரும் வரைதான் இருந்தது.

அப்பாவை நினைத்துப் பாருங்கள். ஐம்பத்தேழில் அவருக்கும் இதே போலத்தான் கண் இருண்டு இருண்டு தெளிந்தது. கண்புரை என்றோம். புரை முற்றட்டும், முற்றினால்தான் அறுப்பார்கள் என்று அண்ணன் காத்திருந்தார். வந்து வந்து போகிற புரை உலகத்தில் உண்டா, இது வேறு ஏதோ பெரிய நோய்க்கு வழி, அப்பா விழுந்துவிட்டால் என்ன செய்வாய் என்று நான் சத்தம் போட்டேன். நாலாம் நாள் விழுந்தார். வலது பக்கம் செத்து, பேச்சு நின்று, ஒன்பது நாள் கிடந்தார். சுடுகாட்டுக்குப் புறப்படும்போது அண்ணன் சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது: "உன்து கருநாக்குடா. எங்கப்பன முழுங்கிடுச்சி. இனிமே எம் புள்ளைங்க எதிர்ல வாயத் தொறக்காத." எல்லோருக்கும் கேட்டது. நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

அதோடு நிற்கவில்லை. உங்கள் பெண் காந்தாவின் கல்யாணத்தில் "மேடைக்கு வர வேணாம் தம்பி, பந்தியில குந்தி சாப்ட்டுட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பியது நீங்கள்தான். நான் சாப்பிடவில்லை. வடையில் உப்பு கம்மி என்று வாய் தவறிச் சொல்லி, மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

சின்னப்பையனைப் பார்த்த அன்று நான் சென்னையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒரு கண் மங்கியிருந்தது. புரசைவாக்கத்தில் டாக்டர் சாமுவேல் என்பவர் ஒரு சின்ன விளக்கை வைத்துக் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு விளக்கை வைத்துவிட்டுக் கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் பார்த்தார். கோளாறு கண்ணில்தான் என்றேன். உடம்பைக் கீறாமல் இரத்தக் குழாயைப் பார்க்கக்கூடிய இடம் கண்ணுக்குள் ஒன்றுதான், அங்கே கெட்டிருந்தால் மூளையிலும் கெட்டிருக்குமோ என்று பயப்பட வேண்டும் என்றார். என் அழுத்தம் எவ்வளவு என்று அவர் சொன்னதை இங்கே எழுதவில்லை.

அப்பாவின் கதையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எந்தக் கண் என்று கேட்டார். இடது என்றேன். வலியில்லாமல் திரை போல இறங்கிச் சில நிமிஷத்தில் விலகிவிடுமா என்றார். ஆமாம் என்றேன். அது புரையே இல்லை, கழுத்து வழியாகத் தலைக்கு ஏறும் பெரிய குழாய் அடைபட ஆரம்பித்திருக்கும் என்றார். அங்கிருந்து கிளம்பும் துணுக்கு கண்ணுக்குப் போனால் பத்து நிமிஷ இருட்டு. மூளைக்குப் போனால் பக்கவாதம். இடப்பக்கக் குழாய் என்றால் போவது வலது கையும் காலும், பேச்சும். அழைத்து வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். உறுதி சொல்ல முடியாது, ஆனால் முன்னாலேயே தெரிவித்துவிட்டு வருகிற நோய்கள் குறைவு, உங்களுக்குத் தெரிவித்துவிட்டுத்தான் வந்திருக்கிறது என்றார்.

மத்தியானம் இதைக் கேட்டேன். சாயங்காலம் சின்னப்பையன் சொன்னான். பதினொரு நாள் ஏன் பேசாமல் இருந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். கணக்கு சுலபம். நான் சொல்லி அவர் விழுந்தால், தம்பி நாக்கு அண்ணனையும் அடித்தது என்பீர்கள். சொல்லாமல் இருந்து அவர் விழுந்தால் என்மேல் பழியில்லை. வாயைத் திறக்காத வரை நான் நல்லவன்.

ஆனால் அவருடைய வலது கை என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அவரைத் தறியில் உட்கார வைத்தார்கள். அந்தக் கை நெய்த கூலியில்தான் நான் படித்தேன். வாரம் ஒரு தடவை அதைச் சொல்லிக்காட்டினார். சொல்லிக்காட்டியதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

ஆகவே அண்ணி, கார்த்திகை பிறக்க இன்னும் முப்பத்தெட்டு நாள் இருக்கிறது. கடைஞாயிறு அதற்கும் அப்பால். கச்சபேசுவரருக்கு மாவிளக்கு தூக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூக்கட்டும். ஆனால் அதுவரை காத்திருக்கக்கூடாது. இது கைக்கு வந்த அன்றே அவரை பஸ் ஏற்றிச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கண் மங்கல் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். மூன்று தடவை இடது கண்ணில் திரை இறங்கி விலகியது என்று இப்படியே சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி பிடிப்பதையும் சொல்லுங்கள், மறைப்பார். போவதற்குள் வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராமல் வாடகைக் கார் பிடியுங்கள்.

அவருக்குப் படிக்க வராது. எந்தக் கடிதம் வந்தாலும், "அடியில யாரு பேரு போட்டுக்கிதுன்னு மொதல்ல படி" என்பார். என் பெயர் காதில் விழுந்தால் அவர் பஸ் ஏற மாட்டார், சாபம் இட்டிருக்கிறேன் என்று அடுத்த வேண்டுதலைத் தேடுவார். இதற்கு முந்தின பத்தியில் அவருக்கு வேண்டியதை மட்டும் வாசித்துக் காட்டிவிட்டு, மற்றதை அடுப்பில் போட்டுவிடுங்கள். யாரோ தெரிந்தவர் எழுதியிருக்கிறார், பெயர் போடவில்லை என்று சொல்லுங்கள். நீங்கள் பொய் சொல்ல வேண்டாம் என்பதற்காகக் கையெழுத்துப் போடாமலே இதை ஒட்டுகிறேன்.

எப்படியாவது அவரைக் கிளப்பிவிடுங்கள், அண்ணி.